யாருக்காக இந்த நேர்ச்சை?

கொடுத்த வாக்கைக் காப்பது பெரிய அறம். அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தவர் அதைக் காத்தாரா என்று கேட்க நாம் அறிவோம். காத்தவரைப் போற்றவும் தவறியவரைத் தூற்றவும் அறிவோம். ஆனால் அந்த வாக்கு யாரைக் காத்தது என்ற இரண்டாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. முதற் கேள்வியோடு நின்றுவிடும் பக்தி நாளடைவில் ஈரமற்றுப் போகிறது. இதை எடுத்துக்காட்ட ஒரு சித்திரக்கதையைத் துணைக்கு அழைக்கிறேன்.

சித்திரக்கதைக்கு இத்தகைய இதழில் என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். வீரம் எது, நீதி எது என்பதை இன்றைய இளையோர் பலரும் நம் மறையுரைகளிலிருந்து கற்பதில்லை. இக்கதைகளிலிருந்தும் அவற்றைத் தழுவிய திரைப்படங்களிலிருந்தும்தான் கற்கிறார்கள். ஆகவே அவற்றை ஒதுக்கித் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. எதிரே அமர்ந்து வாதிடுவதே முறை.

கதை கூறுவது

'வொண்டர் வுமன்' 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய கற்பனை வீராங்கனை. உளவியல் அறிஞர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் படைத்தார், ஹெச்.ஜி. பீட்டர் உருவம் தந்தார். அமேசான் பெண்களின் தீவில் வளர்ந்த இளவரசி டயானாவே அவள். கிரேக்கத் தெய்வங்களை வணங்குபவள். தன் கயிற்றில் கட்டுண்டவரை உண்மை பேச வைப்பவள். 2017-இல் பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய திரைப்படம் அவளை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகம் செய்தது.

2002-இல் கிரெக் ரக்கா எழுத, ஜே.ஜி. ஜோன்ஸ் வரைய, 'ஹிக்கெட்டெயா' என்ற சித்திரநூல் இவளைப் பற்றி வெளிவந்தது. இக்கிரேக்கச் சொல்லின் பொருள் நமக்கு அயலானது அன்று. 'அடைக்கலம் வேண்டல்' என்பதே அது. துயருற்ற ஒருவர் வலியவர் ஒருவரின் முழங்காலைப் பற்றிக்கொண்டு அபயம் கேட்பார். கேட்கப்பட்டவர் ஏற்றுக்கொண்டால், அந்தக் கணம் முதல் அவர் தெய்வத்தின் முன் கட்டுப்பட்டவர். அடைக்கலம் புகுந்தோரின் காவலர் சேயுசு என்பது கிரேக்கரின் நம்பிக்கை. அக்கட்டை மீறுவோரைப் பழிவாங்கும் தெய்வங்களான எரினியர் வேட்டையாடுவர் என்கிறது கதை.

டேனியெல் வெல்லிஸ் என்ற இளம்பெண் டயானாவிடம் வந்து அடைக்கலம் கேட்கிறாள். டயானா ஏற்றுக்கொள்கிறாள். ஏற்ற பின்னரே முழு உண்மை வெளிப்படுகிறது. டேனியெலின் தங்கையைப் போதைக்கும் காமத் தொழிலுக்கும் இரையாக்கிச் சாகடித்த ஆடவரை டேனியெல் தேடிச் சென்று கொன்றிருக்கிறாள். அவளைப் பிடிக்கப் பேட்மேன் பின்தொடர்ந்து வருகிறான். அவளை ஒப்படைத்தால் டயானா நேர்ச்சை தவறியவள். ஒப்படைக்காவிட்டால் கொலைக்குற்றத்தை மறைத்தவள். எரினியரோ வாயிலில் காத்து நிற்கிறார்கள். இறுதியில் முடிச்சை அவிழ்ப்பது டயானாவும் அல்ல, பேட்மேனும் அல்ல. இருவரும் மோதிக்கொண்டிருக்க, டேனியெல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள்.

நூலின் அட்டையில் டயானாவின் காலணி பேட்மேனின் தலைமீது அழுந்தியிருக்கிறது. எந்தப் பெண்ணுக்காக இத்தனை போராட்டமோ, அவள் அந்த அட்டையில் இல்லை. நம் வழக்கை அந்த அட்டையிலிருந்தே தொடங்கலாம்.

சட்டம் எங்கே?

இது புனித நேர்ச்சைக்கும் இன்றைய சட்டத்துக்கும் நடுவே சிக்கிய ஒரு பெண்ணின் கதை என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் சட்டம் எங்கே நிற்கிறது? டேனியெலின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்த அந்த மோதலில் நீதிபதியும் இல்லை, அவளுக்காகப் பேச ஒரு வழக்கறிஞரும் இல்லை. முகமூடி அணிந்த மனிதன் ஒருவன் இருக்கிறான். அவனைச் சட்டத்தின் உருவமாக ஏற்கும்படி நம்மிடம் கேட்கிறார்கள்.

பேட்மேன் யார்? பெற்றோர் கண்ணெதிரே கொல்லப்பட, குற்றவாளிகளோடு வாழ்நாள் முழுதும் போரிடுவேன் என்று சிறுவயதில் சூளுரைத்தவன். 1939-இல் எழுதப்பட்ட அவனது தொடக்கக் கதை சொல்வது இதுவே. எந்த அரசும் அவனை அமர்த்தவில்லை. எந்த மன்றமும் அவனுக்கு ஆணை வழங்கவில்லை. அவனை இயக்குவதும் ஒரு சபதமே. ஆகவே இக்கதையில் மோதுபவை நேர்ச்சையும் சட்டமும் அல்ல. இரண்டு நேர்ச்சைகள் மோதுகின்றன. ஒன்று தெய்வத்தின் பெயரால் வருகிறது, மற்றொன்று நீதியின் பெயரால் வருகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க மறுக்கின்றன. அந்த இரண்டு கற்களுக்கு நடுவே அரைபட்டவள் டேனியெல்.

உண்மையான நீதிமன்றம் அவளைத் தண்டித்திருக்கலாம். ஆயினும் தண்டிக்குமுன் அவளைப் பேசவிட்டிருக்கும். உன் தங்கைக்கு என்ன நேர்ந்தது, காவல்துறை அப்போது எங்கிருந்தது, நீ எந்நிலையில் அந்த ஆயுதத்தை எடுத்தாய் என்றெல்லாம் அங்கே கேட்கப்பட்டிருக்கும். அவள் தங்கையின் கதை ஏட்டில் பதிவாகியிருக்கும். குற்றம் செய்தவருக்கும் தன் கதையைச் சொல்லும் உரிமை உண்டு என்பதே சட்டத்தின் மாண்பு. அந்த மாண்பு இக்கதையில் எவருக்கும் நினைவில்லை.

கிரேக்கரே கண்ட வழி

இன்னொரு குறையும் உண்டு. ஆசிரியர் கிரேக்கரிடமிருந்து சிக்கலைக் கடன் வாங்கினார். அவர்கள் கண்ட தீர்வை அங்கேயே விட்டுவந்தார்.

கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகத் தொகுதியின் இறுதிப் பகுதியை எண்ணிப் பாருங்கள். தந்தையைக் கொன்ற தாயைக் கொன்றுவிட்டு ஒரெஸ்டஸ் ஓடுகிறான். இதே எரினியர் அவனைத் துரத்துகிறார்கள். அவன் ஏதென்சுக்கு வந்து அதீனாவின் திருவுருவத்தைத் தழுவி அடைக்கலம் கேட்கிறான். அதீனா அவனை மறைத்து வைக்கவும் இல்லை, துரத்தி வந்தவர்களிடம் எறிந்துவிடவும் இல்லை. குடிமக்களைக் கூட்டி ஒரு நீதிமன்றம் அமைக்கிறாள். இரு தரப்பும் பேசுகின்றன. வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, ஒரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். சினந்த எரினியரையும் அவள் துரத்தவில்லை; இனியமொழி கூறி, நகரின் அடியில் அவர்களுக்குப் போற்றுதலுக்குரிய இருப்பிடம் தருகிறாள். பழைய தெய்வீக அச்சமும் புதிய சட்டமும் ஒரே நகரில் குடியிருக்கத் தொடங்குகின்றன. அந்த மன்றத்தின் பெயர் நமக்குத் தெரிந்ததே. பின்னாளில் தூய பவுல் நின்று உரையாற்றிய அரயோபாகு அது.

அதே ஈஸ்கிலஸ் அடைக்கலம் வேண்டும் பெண்களைப் பற்றியே வேறொரு நாடகமும் எழுதினார். விரும்பாத மணத்துக்கு அஞ்சி ஓடிவந்த ஐம்பது பெண்கள் ஆர்கோஸ் நாட்டில் தஞ்சம் கேட்கிறார்கள். மறுத்தால் தெய்வச் சிலைகளிலேயே தூக்கிட்டுக்கொள்வோம் என்கிறார்கள். அரசன் நடுங்குகிறான். ஏற்றால் போர் வரும். மறுத்தால் தெய்வக் குற்றம். அவன் தனியே முடிவெடுக்கவில்லை. மக்கள் மன்றத்திடம் செல்கிறான். அவர்கள் ஒருமித்துக் கை உயர்த்திப் புகலிடம் தருகிறார்கள். புனிதக் கடமை ஊரார் ஏற்ற சட்டமாயிற்று. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்னர் அந்த அரசனுக்குத் தோன்றிய வழி, வானில் பறக்கும் வீராங்கனைக்குத் தோன்றாமற் போனதேன்?

அடைக்கல நகரின் வாயில்

நம் மறைநூலும் இதையே கற்பிக்கிறது. எண்ணிக்கை நூல் 35-ஆம் அதிகாரத்திலும் யோசுவா நூல் 20-ஆம் அதிகாரத்திலும் ஆறு அடைக்கல நகர்கள் குறிக்கப்படுகின்றன. கைதவறிக் கொலை செய்தவர் பழிவாங்குவோனிடமிருந்து தப்பி அங்கு ஓடலாம். ஆனால் ஓடியவர் உள்ளே நுழைந்து ஒளிந்துகொள்வதில்லை. நகர வாயிலில் நின்று, பெரியோரின் செவியில் தம் வழக்கைச் சொல்ல வேண்டும். அவர்கள் அவரை ஏற்று இடம் தருவார்கள். பின்னர் அவர் மக்கள் சபைமுன் நின்று தீர்ப்புப் பெற வேண்டும். பழிவாங்குவோனின் கையைத் தடுப்பதும் குற்றம் சாட்டப்பட்டவரின் வாயைத் திறப்பதும் அங்கே ஒரே செயலாக நிகழ்கின்றன. விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரமோ, வஞ்சகமாய்க் கொன்றவனை என் பீடத்திலிருந்தும் இழுத்துச் செல்லலாம் என்ற கருத்தைத் தயக்கமின்றி உரைக்கிறது. ஆண்டவரின் பீடம் குற்றத்தை மூடும் போர்வை அன்று.

ஆகவே நான் வலியுறுத்துவது இது: அடைக்கலம் நீதிக்கு எதிராக எழுப்பிய மதில் அன்று, நீதிமன்றத்தின் வாசற்படி. வெறிகொண்டு துரத்துவோர் அதைத் தாண்டி வரக்கூடாது. அடைக்கலம் புகுந்தவரும் அங்கேயே நின்றுவிடக்கூடாது. அடைக்கலம் தந்தவர் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும். உடன் நிற்க வேண்டும். டயானாவிடம் இருந்தது உண்மை பேச வைக்கும் கயிறு. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரறிய ஒரு நீதிபதியின் முன் நின்று, 'இவள் என் அடைக்கலம்; இவளைக் கேட்ட பின்னரே தீர்ப்பளியுங்கள்' என்று அவள் சொல்லியிருந்தால், நேர்ச்சையும் நிலைத்திருக்கும், சட்டமும் நிலைத்திருக்கும், டேனியெலும் வாழ்ந்திருப்பாள்.

சட்டமே செவிடானால்?

சட்டமே கொடியதாக இருந்தால் என் செய்வது என்று ஒருவர் கேட்கலாம். தகுதியான கேள்வி. 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி சொல்ல அச்சட்டம் இடம் தரவில்லை. நடுவர் குழு விசாரணையும் இல்லை. ஒருவரை அடிமை என்று முடிவுசெய்து ஒப்படைத்த ஆணையருக்கு 10 டாலர் கூலி. விடுவித்தவருக்கு 5 டாலர். அச்சட்டத்தை மீறி அடிமைகளைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்தவர்கள் செய்தது அறமே.

ஏன் அறம்? அந்தச் சட்டம் வாசற்படியின் மறுபக்கத்தில் மன்றத்தையே வைக்கவில்லை. கேட்கும் செவி இல்லாத இடத்தில் அடைக்கலம் முழு மதிலாக எழுந்தாக வேண்டும். அளவுகோல் இரு இடத்திலும் ஒன்றே: நலிந்தவரின் குரலை யார் கேட்கிறார்? கேட்கும் சட்டத்தின் முன் அடைக்கலம் வழிவிட வேண்டும். கேட்க மறுக்கும் சட்டத்தின் முன் அது எழுந்து நிற்க வேண்டும்.

நேர்ச்சைக்கும் நெறி உண்டு

வாக்குக் கொடுத்தாயிற்று, இனி என்ன நேர்ந்தாலும் நிறைவேற்றியே ஆகவேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை அன்று. இப்தாவை நினைவுகூர்வோம். வெற்றி கிடைத்தால் தன் வீட்டு வாயிலிலிருந்து முதலில் வருவதைப் பலியிடுவதாக நேர்ந்தான். வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவன் நேர்ந்ததும் தவறு, நிறைவேற்றியதும் தவறு என்ற புனித ஜெரோமின் கருத்தைப் புனித தாமஸ் அக்குவினாஸ் எடுத்தாள்கிறார். விருந்தினர் முன் ஆணையிட்டுவிட்டேனே என்று திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டுவித்த ஏரோதும் வாக்குக் காத்தவன்தான். அவனை எவரும் புனிதர் என்று சொல்லவில்லை.

1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1191-ஆம் எண்ணில் நேர்ச்சையை வரையறுக்கிறது. தெளிந்த மனத்தோடும் உரிமையோடும் கடவுளுக்குத் தரப்படும் வாக்கு அது. இயலக்கூடிய, மேலான நன்மையைப் பற்றியது. தகுந்த காரணம் இருந்தால் உரிய அதிகாரி அதிலிருந்து விலக்கு அளிக்கலாம். அவ்விலக்கு பிறர் பெற்றுள்ள உரிமையைக் கெடுக்கலாகாது என்றும் அதே தொகுப்பு எச்சரிக்கிறது. நம் மரபில் நேர்ச்சை சட்டத்துக்கு வெளியே திரியும் காட்டு விலங்கு அன்று. அது நெறிக்குள் வாழ்கிறது, நன்மையால் அளக்கப்படுகிறது, பிறர் உரிமைக்கு முன் தலைவணங்குகிறது.

இந்த இடத்தில் நம் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்மகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். கோவலன் கொலையுண்டு கண்ணகியின் வாழ்வு சிதைந்ததும், அடைக்கலத்தை இழந்தேனே என்று மாதரி எரிபுகுந்து மாண்டாள். தற்கொலையை நாம் ஏற்பதில்லை. ஆனால் அந்த மூதாட்டியின் உள்ளத்தை அறிந்துகொள்ளலாம். தன்னை நம்பி வந்தவள் அழிந்தபின் தான் வாக்குத் தவறியவள் என்றே அவள் எண்ணினாள். அட்டையிலுள்ள வீராங்கனையோ, நம்பி வந்தவள் மாண்ட பின்பும் நேர்ச்சை காத்தவளாகவே நிற்கிறாள். டேனியெலின் சாவைத் தியாகம் என்று போற்றும் வாசகர்களுக்கு என் மறுப்பு கடுமையானது. வலியவரின் இக்கட்டைத் தீர்க்க நலிந்தவர் உயிர்விடுவது தியாகம் ஆகாது. அது அடைக்கலத்தின் தோல்வி.

நம் வீட்டுக்குள் இக்கேள்வி

தொலைநாட்டுச் சித்திரக்கதையோடு இதை முடித்துவிட்டால் நம் மனம் நோகாது. ஆனால் புனிதத்தின் பெயரைச் சொல்லிச் சட்டத்தின் கதவைச் சாத்தும் சோதனை நம்மிடமும் உண்டு. உலகின் பல நாடுகளில் சிறுவர் சிறுமியருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் திருச்சபையின் நற்பெயரைக் காப்பதற்காக மறைக்கப்பட்டன. மறைத்தவர்கள் பலர் தம்மைக் கடமை தவறாதவர்கள் என்றே நம்பினர். 2019 டிசம்பர் 17 அன்று திருத்தந்தை பிரான்சிசு அத்தகைய வழக்குகளுக்கு இருந்த திருப்பீட இரகசியக் காப்பை நீக்கினார். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைக்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குடும்ப மானம், ஊர்ப் பெயர், பங்கின் பெயர், நிறுவனத்தின் பெயர் ஆகிய எதுவும் அதற்கு விதிவிலக்கு ஆகாது. 'வெளியில் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்பது ஏரோதின் சாக்கு.

அப்படியானால் ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரையையும் உடைக்கச் சொல்கிறீரா என்று கேட்பீர்கள். இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019-இலும் குயின்ஸ்லாந்து 2020-இலும் அம்முத்திரைக்கு எதிராகச் சட்டம் இயற்றின. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2025-இல் இயற்றியதைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புரவைப் பொறுத்தமட்டில் தடுத்து நிறுத்தியது. முத்திரையைக் காப்பதற்கு நம்மிடம் நியாயம் உண்டு. கேட்கும் செவி உறுதி என்று தெரிந்தால்தான் பாவி வாய் திறப்பான். வாய் திறந்தவனிடம்தான் மனமாற்றத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஆனால் அம்முத்திரை எதற்காக என்பதையும் திருச்சபையே சொல்லியிருக்கிறது. அரசிடம் சரணடைவதைப் பாவமன்னிப்புக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 2019-இல் திருத்தூதரக மன்னிப்பு மன்றம் வெளியிட்ட குறிப்பு கூறுகிறது. அதே குறிப்பு, பிறர் கொடுமைக்கு ஆளானவர் ஒப்புரவுக்கு வந்தால், அவருக்குள்ள உரிமைகளையும் சட்டவழியே நீதி தேடும் முறைகளையும் குரு அவருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்கிறது. இங்கும் அடைக்கலம் வாசற்படியாகவே நிற்கிறது. அந்த முத்திரை ஒப்புரவுத் தொட்டிக்கு உரியது. அலுவலக மேசைக்கும் குடும்பக் கூடத்துக்கும் பங்குப்பேரவைக் கூட்டத்துக்கும் அதை இரவல் வாங்கிப் பயன்படுத்துவது அருளடையாளத்தை இழிவுபடுத்துவதாகும்.

வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அன்னை மரியாவை அங்கே அடைக்கல மாதாவாகக் கொண்டாடினார். அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடும் நாம், நம்மிடம் அடைக்கலம் கேட்டு வருவோருக்கு என்ன செய்கிறோம்? கணவனின் அடி தாங்காமல் நள்ளிரவில் கதவைத் தட்டும் பெண்ணை, திருமண வாக்குறுதி புனிதமானது என்று உபதேசித்துத் திருப்பி அனுப்பும் உறவினர் நம்மிடையே இல்லையா? திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் எண், துணைவராலோ பிள்ளைகளுக்கோ பேராபத்து நேரும்போது பிரிந்து வாழ முறையான காரணம் உண்டு என்கிறது. அதை அவளுக்குச் சொல்வோர் எத்தனை பேர்? 'வழக்கு என்று போனால் மானம் போகும்' என்று சொல்லும் வாய், பேட்மேனின் வாயைவிடக் கொடியது. அவனாவது நீதியின் பெயரைச் சொன்னான்.

கதவைத் தட்டும் கை யாருடையதாயினும் முதலில் திறப்போம். அமரச் செய்து, கேட்போம். கேட்டபின், அவர் போகவேண்டிய இடம் காவல்நிலையமோ நீதிமன்றமோ எதுவாயினும், தனியே அனுப்பாமல் உடன் செல்வோம். அவ்வளவு தூரம் நடக்க மனமில்லாதவர்கள் நேர்ச்சை செய்யாதிருப்பதே நல்லது.